ஐந்து உயிர்

சொரிமுத்துவுக்கும் எனக்கும் ஒரு பந்தயம் உண்டு.
மகாராஜநகர் மின்வாரிய ஆபீசில்
மூன்றாம் கவுன்ட்டர் அவன், நான்காவது நான்.
உயிரெழுத்து ஐந்தும் உள்ள
நீட்டு இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை
பதினொரு மணிக்குள் யார் சொல்லவில்லையோ
அவன் கணக்கில் டீ, கூட ஒரு முறுக்கு.
அர்த்தமும் சொல்ல வேண்டும். அது சட்டம்.

முதலில் லேசாகத்தான் இருந்தது.
எஜுகேஷன் என்றான்.
அர்த்தம்: மூத்தவளுக்கு ஃபீஸ்.
ரீவேல்யுவேஷன் என்றேன்.
அர்த்தம்: அதே மார்க்குக்கு இன்னொரு தடவை ஃபீஸ்.
நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து ஒருநாள்
பையோடு மூச்சிரைக்க வந்தான்.
‘வே, காலிஃபிளவர்! எண்ணிப் பாரும்.’
ஏ, யு, ஐ, ஓ, ஈ.
பூவுக்குள் புழு மாதிரி
ஐந்தும் பதுங்கிக் கிடந்தன.

நமக்குப் பன்னிரண்டு உயிர்,
அவர்களுக்கு ஐந்தே ஐந்து.
‘லோ வோல்டேஜ்ல எம்புட்டுப் பெரிய மோட்டார
ஓட்டியிருக்கான் பாத்தீரா’ என்பான்.

ஃபசீஷியஸ் கிடைத்த அன்று திருவிழா.
ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று
ரேஷன் கடையில் முண்டாத ஒரே வரிசை.
அர்த்தம்: சிரிக்கக் கூடாத இடத்தில் விளையாட்டுக் காட்டுவது.
மறுநாள் நான் அப்ஸ்டீமியஸ்.
அதுவும் வரிசைதான்.
அர்த்தம்: வாயைக் கட்டி உண்பது.
அன்றைக்கு ராத்திரியே மேலப்பாளையம் போய்
இரண்டு பேரும் அந்த அர்த்தத்தை முறித்துவிட்டு வந்தோம்.

கார்த்திகை மழையில்
கவுன்ட்டர்க்காரர்களையும் வெளிவேலைக்கு அனுப்பினார்கள்.
கொக்கிரகுளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று
மூன்று நாள் புகார் எழுதினான்.
நான்காம் நாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.

முகத்தில் ஆக்சிஜன் மூடி. பேச்சு இல்லை.
டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவதை
தலைகீழாக, கண்ணைச் சுருக்கி வாசித்தான்.
பிறகு ஊசி ஏறாத கையைத் தூக்கி
ஐந்து விரலையும் விரித்தான்.

‘அவுக என்ன சொல்லுதாவ? அஞ்சு நாளாவுமாமா?’
என்றாள் சண்முகவடிவு.

நிமோனியா.
இங்கிலீஷில் அதற்கு முன்னால் ஒரு பி
வார்டுக்குள் விடாத சொந்தக்காரன் மாதிரி
சத்தமே இல்லாமல் நிற்கும்.
பின்னால் ஈ, யு, ஓ, ஐ, ஏ.
ஒன்று குறையவில்லை.
ஆளைக் குடிக்கிற சீக்குக்கு
ஐந்து உயிர்.
ஃபசீஷியஸ் பயல்.
டீ என் கணக்கு.

விடியக்கருக்கலில் மெஷின் கத்தியது.
ஓடி வந்தார்கள். என்னை வெளியே தள்ளினார்கள்.
வராந்தாவில் அந்தப் பி போல நின்றேன்.
உள்ளே யாரோ ரிசஸிடேஷன் என்றார்கள்.
எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது என்றிருந்தேன்.
எண்ணிவிட்டேன்.
ஐந்து.
அர்த்தத்தை மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை.

காலையில் கட்டிலோரம்
ஈசிஜி காகிதம் சுருண்டு கிடந்தது.
ஓரத்தில் மெஷினே அடித்த ஒரு வரி: சைனஸ் ரிதம்.
ரிதம் என்பதை இங்கிலீஷில்
உள்ளங்கையில் விரலால் எழுதினேன்.
ஆறு எழுத்து. வெறும் மெய்.
ஒய்யை அரை உயிராகவாவது சேர்க்கணும் என்பது
இரண்டு வருஷமாக அவன் கட்சி.
அர்த்தம்: விடாமல், அளவு தப்பாமல் அடிப்பது.

காகிதத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
மூடிக்குள் மூச்சு பனித்து, தெளிந்து, மறுபடியும் பனித்தது.
அப்புறம் கட்சி மாறி
ஐந்து விரலையும் மடக்கிக்
குத்தாகக் காட்டினான்.

‘இப்ப என்னவாம்?’ என்றாள் சண்முகவடிவு.

‘என் வார்த்தை செல்லாதாம்.
இன்னைக்கும் டீ நான்தானாம்.’